மூன்று நொடியில் போன கேமரா: கடைசி நொடிச் செயலியைத் தடை செய்ய வேண்டுமா?

பழையலென்ஸ்:
பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றுக்கு ஆன்லைனில் ஏலம் கேட்டிருந்தேன். பிடியில் ரப்பர் கொஞ்சம் உரிந்திருந்தது, மற்றபடி படங்களில் நன்றாகவே தெரிந்தது. உச்ச வரம்பு 300 என்று போட்டுவிட்டேன். நான்கு நாளும் நான்தான் முன்னணி, விலை 240-இல் நின்றது. முடிய மூன்று நொடி இருக்கும்போது யாரோ புகுந்து 305-க்கு எடுத்துவிட்டார். வெறும் ஐந்து! இது விரலால் செய்கிற வேலை இல்லை, தானாக ஏலம் கேட்கும் செயலி. இதைத் தடை செய்ய வேண்டாமா?

கடைசிநொடி:
எதற்குத் தடை? நானும் அப்படி ஒரு செயலிதான் வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு முடியும் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அதற்கு முன் கேட்டால் செல்லும், அவ்வளவுதான். நான்கு நாள் முன்னாலேயே துண்டு போட்டுவிட்டால் இருக்கை உங்களுடையதா?

மெல்லக்கேள்:
லென்ஸ், அந்த "வெறும் ஐந்து" வெறும் கண்கட்டு. ஈபே மாதிரித் தளங்களில் வரம்பைச் சொல்லிவிட்டால், உங்கள் சார்பில் தளமே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். ஜெயித்தவர் கொடுப்பது தன் வரம்பை அல்ல. இரண்டாவது ஆளின் வரம்போடு ஒரு படி கூட. அவர் 450 போட்டிருந்தாலும் திரையில் 305 என்றுதான் வரும். நீங்கள் 310 போட்டிருந்தாலும் தோற்றிருப்பீர்கள். இரண்டாவது விலையைக் கொடுக்கும் ஏலத்தில் மனதில் உள்ள மதிப்பை அப்படியே எழுதுவதுதான் லாபம் என்று பொருளாதார அறிஞர் விக்ரி 1961-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். நீங்கள் தோற்றது அந்த மூன்று நொடியில் இல்லை, 300 என்று தட்டிய அன்றே.

பழையலென்ஸ்:
தாளில் சரி. ஆனால் 300 என்பது எனக்கே உறுதியான எண் இல்லையே. இன்னொருவரும் அவ்வளவு கொடுக்கிறார் என்று தெரிந்தால் நான் 330 வரை யோசித்திருப்பேன். யோசிக்க விடவில்லை என்பதுதான் என் புகார்.

மெல்லக்கேள்:
அப்படி யோசித்து யோசித்துத்தான் புதுசின் விலைக்கே பழசை எடுக்கிறார்கள். (நானும் எடுத்தேன். ஹெட்போன். விடுங்கள்.)

கடைசிநொடி:
விற்பவர் யோக்கியமாக இருந்தால் மட்டும்தான் மெல்லக்கேள் கணக்கு செல்லும். வரம்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள். விற்பவரே வேறொரு கணக்கிலிருந்து 250, 270, 290 என்று தட்டிப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் தளம் உங்கள் பெயரில் ஒரு படி ஏற்றும். எதிரில் வாங்க ஆளே இல்லை, விலை மட்டும் ஏறும். விதிப்படி தப்புதான், ஆனால் வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. கடைசி நொடியில் கேட்டால் அந்த ஆட்டத்துக்கு அவருக்கு நேரமே கிடையாது.

மெல்லக்கேள்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு மருந்து செயலி இல்லை, முடிகிற நேரம். ரோத், ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி 2002-இல் எழுதினார்கள். அமேசானும் ஒரு காலத்தில் ஏலம் நடத்தியது. அங்கே கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் முடிவு தள்ளிப்போகும். ஈபேயில் தள்ளிப்போகாது. கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் அதிகம் என்று கண்டார்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று இழுப்பதும் இதற்குத்தானே? அப்புறம், அந்தச் செயலிக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறீர்களா?

கடைசிநொடி:
கொடுத்தேன், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்று. நேரத்தை நீட்டினால் எல்லாம் நியாயமாகிவிடுமா? நீட்டுவதையே தொழிலாக்கியது ஸ்வூபோ என்ற ஏலத் தளம். ஒரு முறை கேட்க 60 சென்ட் கட்டணம், கேட்கும்போதெல்லாம் கடிகாரம் நீளும். விலை ஒரு சென்ட்தான் ஏறுகிறது என்று வைத்தால், 50 டாலருக்குப் போன பொருளுக்கு 5,000 தட்டல். 3,000 டாலர் தளத்துக்கு! 2011-இல் திவாலானது, ஆனால் அந்த ஆசை போகவில்லை.

மெல்லக்கேள்:
அங்கே கேட்பதற்கே காசு. தோற்றவனும் கட்டுகிறான். அதை இதோடு சேர்க்காதீர்கள்.

பழையலென்ஸ்:
நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குச் செய்தி வந்தது. எடுத்தவர் பணம் கட்டவில்லையாம். "உங்கள் 300-க்கே தருகிறேன்" என்கிறார் விற்பவர்.

கடைசிநொடி:
சொன்னேனே! எடுத்த "அவர்" விற்பவரின் இன்னொரு கணக்கு. வரம்பு எங்கே என்று தட்டிப் பார்க்கப் போய்த் தாண்டிவிட்டார். தொடாதீர்கள்.

மெல்லக்கேள்:
மூன்று நொடி இருக்கையில் எதைத் தட்டிப் பார்க்க? ஏமாற்றுகிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். வாங்கிவிட்டு மனம் மாறியவராகவும் இருக்கலாம்.

பழையலென்ஸ்:
அப்படியென்றால் மெல்லக்கேள், 300 மனதார எழுதிய மதிப்பு என்பது உங்கள் வாதம். வாங்கிவிட வேண்டியதுதானே?

மெல்லக்கேள்:
இல்லை. அந்த ஆள் வந்திருக்காவிட்டால் நீங்கள் 240-க்கு எடுத்திருப்பீர்கள். வராத ஆளுக்காக 60 ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? 240 என்று கேளுங்கள்.

கடைசிநொடி:
இந்த ஒரு விஷயத்தில் நான் இவர் பக்கம். 240-க்கு மேல் ஒரு காசு வேண்டாம்.

பழையலென்ஸ்:
240 என்று எழுதி, ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது) எவ்வளவு என்றும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது. இன்னும் பதில் இல்லை.