நூலக செஸ் காசில் மாநிலம் முழுக்க ஒரே ஆன்லைன் சந்தா: வட ஆற்காட்டுக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோட்டை அகழி (சத்துவாச்சாரி)

தலைப்பை மட்டும் பார்த்துச் சண்டைக்கு வந்தவர்கள் இதையும் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆய்விதழ்களுக்கு ஒன்றிய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். அரசு கல்லூரிகள், அரசு பல்கலைக்கழகங்கள், ஒன்றிய அரசின் ஆய்வகங்கள் இதற்குள் வருகின்றன. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிற பெண்ணுக்குக் கதவு திறக்கும். அதே பெண் படிப்பை முடித்துவிட்டு, கே.வி.குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்து கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வுக்குத் தயாராகும்போது கதவு சாத்தியிருக்கும். அப்புறம் அவளுக்கு மிச்சம் இருப்பது பொது நூலகம்தான்.

என் யோசனை இது. பொது நூலகத் துறை மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம் போட வேண்டும். பழைய நாளிதழ்கள், சட்டம், மருத்துவம், வணிகப் புள்ளிவிவரம் என்று நாலைந்து தரவுத்தளங்கள். நூலக உறுப்பினர் அட்டை எண்ணை அடித்தால் வீட்டிலிருந்தே திறக்க வேண்டும். காசு எங்கிருந்து என்றால், நாம் கட்டுகிற சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக செஸ் போகிறது. ஒவ்வொரு மாவட்ட நூலக ஆணைக்குழுவும் அதில் ஒரு சின்னப் பங்கைப் பொதுவில் போடட்டும். தனித்தனியாக வாங்கினால் எந்த மாவட்டத்துக்கும் கட்டாது. சேர்ந்து பேரம் பேசினால் கட்டும்.

குடியாத்தம் தறி

அண்ணா, நான் நாலு வருடமாக ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்து குரூப் தேர்வுக்குப் படிக்கிறவன். எந்தக் கிளை என்று சொல்ல மாட்டேன், அங்கே இருக்கும் நூலகர் நல்ல மனிதர். இரண்டு மின்விசிறி, ஒன்றுதான் சுற்றும். வேலூர் வெயிலில் அந்த ஒன்றுக்குக் கீழே இடம் பிடிக்கக் காலை எட்டு மணிக்கே பையைப் போட்டு வைப்போம். கம்ப்யூட்டரும் உண்டு. மேலே துணி போர்த்தி, அதன்மேல் தூசி போர்த்தி. இதற்கு ஆன்லைன் சந்தா வாங்குவது கூரை இல்லாத வீட்டுக்குக் கொசுவலை கட்டுகிற கதை.

இன்னொன்று. நீங்கள் சொன்ன சட்டமே இலவசமாகக் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஆய்வேடு வேண்டுமா, சோத்கங்கா இருக்கிறது. பாடப் புத்தகத்துக்கு தேசிய மின் நூலகம். ஓசியில் கிடைப்பதை விட்டுவிட்டு ஏன் கம்பெனிக்காரனுக்குக் கப்பம் கட்ட வேண்டும்?

கோட்டை அகழி

தம்பி, மின்விசிறி வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வீட்டிலிருந்து திறக்கிற சந்தாவுக்கு நூலகத்து மின்விசிறி எதற்கு? உன் கையில் இருக்கும் போனே போதும்.

இலவசம் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. தீர்ப்பு இலவசம். அந்தத் தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்கில் ஏற்றார்கள், எதில் ஒதுக்கினார்கள் என்று கோத்துத் தருவது இலவசம் இல்லை. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் ஜூனியர் வக்கீல்களைக் கேட்டுப் பார். சீனியர் ஆபீஸ் லாகின் கிடைக்காதா என்று தவம் கிடக்கிறார்கள்.

ஆம்பூர் பூட்ஸ்

வக்கீலுக்கு செஸ் காசில் லாகின் வாங்கிக் கொடுத்து, அவரிடமே நான் பீஸ் கட்ட வேண்டுமா? நல்ல திட்டம்.

சும்மா சொன்னேன். எனக்கு உண்மையில் வேண்டியது ஒன்று இருக்கிறது. ஷூவுக்கு அடி அட்டை அடிக்கிற சின்னப் பட்டறை என்னுடையது. எந்த நாடு எந்த மாதம் எவ்வளவு தோல் பொருள் இறக்கியது என்ற விவரம் பெரிய ஏற்றுமதிக்காரர்களிடம் இருக்கிறது, அவர்கள் சந்தா கட்டுகிறார்கள். எங்களுக்கு அவர்கள் சொல்வதுதான் விலை. அந்த ஒரு தரவுத்தளம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை நூலகங்களில் இருந்தால் நான் வாரம் ஒருமுறை போய் உட்காருவேன்.

ஓய்வு பெற்ற நூலகர்

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அகழி சார் ஆசைப்படுவதில் தப்பில்லை. கணக்குத்தான் இடிக்கிறது.

இந்த செஸ் 1948 சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் வந்தது. விடுதலைக்குப் பிறகு நாட்டிலேயே முதல் நூலகச் சட்டம் நம்முடையது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் பேசி, கல்வி அமைச்சராக இருந்த அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில் நிறைவேறியது. அரசு வரவு செலவில் யார் கை வைத்தாலும் நூலகத்துக்கென்று தனிக் காசு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். ஆனால் அது வீட்டு வரியின் மேல் ஏறுகிற வரி. மாடி வீடும் கடையும் எங்கே அதிகமோ அங்கேதான் காசு அதிகம். வேலூர் மாநகராட்சியில் விழும். ஜவ்வாது மலையில் என்ன விழும்? 2019ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரே பையில் இருந்தவரை வேலூர்க் காசில் ஆலங்காயத்துக்குப் புத்தகம் வாங்கினாலும் யாரும் கேட்கவில்லை. பிரித்த பிறகு யார் யாருக்குக் கொடுப்பது?

ஒவ்வொரு மாவட்டமும் சமமாகப் போடட்டும் என்றால் சிறிய மாவட்டம் நசுங்கும். வசூலுக்கு ஏற்றபடி என்றால் சென்னையும் கோவையும் பெரும்பங்கு போடும். காசு போட்டவன் சும்மா இருப்பானா? எதை வாங்குவது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். ஆம்பூர்க்காரர் கேட்கும் தோல் புள்ளிவிவரம் பட்டியலின் கடைசியில் போய் நிற்கும். அப்புறம், உள்ளாட்சிகள் வசூலித்த செஸ்ஸை நூலகக் கணக்குக்கு உரிய நேரத்தில் அனுப்பாமல் நிலுவை வைப்பது ஊரறிந்த விஷயம். நிலுவைக் காசை நம்பி வருடச் சந்தா போட முடியாது. கம்பெனி ஜனவரி முதல் தேதி பட்டனை அணைத்துவிடுவான்.

டல்லாஸ் காட்பாடியான்

இங்கே டெக்சாஸில் நான் பயன்படுத்துவது கிட்டத்தட்ட அகழி அண்ணன் கேட்பதைத்தான். டெக்ஸ்ஷேர் என்று பெயர். என் ஊர் நூலக அட்டையை வைத்து இரவு பதினோரு மணிக்குப் பைஜாமாவோடு மருத்துவ இதழ் படிக்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் கலிலியோ என்று 1995லேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

காசு விஷயத்தில் டெக்சாஸ் செய்தது கவனிக்கத் தக்கது. ஒரே குழாயை நம்பவில்லை. மாநில நிதி கொஞ்சம், ஒன்றிய மானியம் கொஞ்சம், சேருகிற நூலகங்கள் கட்டும் கட்டணம் கொஞ்சம். ஒன்றிய மானியத்தையே பெரிதாக நம்பி இருந்தவர்கள் 2025ல் பட்டார்கள். அந்த மானியத்தைப் பிரித்துத் தரும் நிறுவனத்தைச் சுருக்கச் சொல்லி மார்ச்சில் அதிபர் உத்தரவு போட்டார். மிசிசிப்பியில் ஹூப்லா என்ற மின்நூல் சேவையை நிறுத்தி வைத்தார்கள். தெற்கு டகோட்டாவில் நூலகத்துக்கு நூலகம் புத்தகம் அனுப்புவதே நின்றது. நம்மிடம் செஸ் என்று சொந்தக் கிணறு இருக்கிறது. நூலகர் ஐயா, தூர் வாராத கிணறுதான், இருந்தாலும் சொந்தக் கிணறு.

குடியாத்தம் தறி

டல்லாஸ் கதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரே சந்தா திட்டத்துக்கு வருடம் 2,000 கோடி. அதில் பயன்பெறுவோர் ஏறக்குறைய 1.8 கோடி பேர் என்று அவர்களே சொல்கிறார்கள். தலைக்கு வருடம் 1,100 ரூபாய் வருகிறது. நம் மாநில மக்கள்தொகை 2011 கணக்கில் 7.21 கோடி. அதே விலையைப் போட்டுப் பாருங்கள். எட்டாயிரம் கோடியைத் தொடும். இதற்கு எத்தனை ஊர்ப்புற நூலகத்துக்கு நிரந்தரக் கட்டடம் கட்டலாம்?

ஓய்வு பெற்ற நூலகர்

தறி தம்பி, அங்கேதான் தப்பு. விற்கிறவன் போடும் கணக்கை நீயே அவனுக்காகப் போட்டுக் கொடுக்கிறாய். மக்கள்தொகையை வைத்து விலை சொல்வான், நாம் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களை வைத்துப் பேச வேண்டும். அதிலும் வருடத்தில் ஒரு முறையாவது நூல் எடுத்தவர்களை மட்டும். ஆய்வகத்துக்கு வேண்டிய வேதியியல் இதழ் நமக்கு எதற்கு? 13,000 இதழ் வேண்டாம், முந்நூறு போதும். தலைக்கு 1 ரூபாய் என்று வைத்தாலே மாநிலத்துக்கு 7 கோடி கையில் இருக்கும். அந்தக் காசுக்குப் பேரம் பேசலாம்.

ஆனால் பேரம் பேசத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும். கட்டுக்கட்டாக விற்பார்கள். வேண்டிய பத்தோடு வேண்டாத தொண்ணூறு வரும். இதழின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் கடைசி ஒரு வருட இதழ்கள் மட்டும் இருக்காது. முதல் வருடம் தேன் விலை, மூன்றாம் வருடம் தேள் விலை. அதனால் வருடா வருடம் எவ்வளவு ஏற்றலாம் என்ற உச்சவரம்பை முதல் நாளே எழுதி வாங்க வேண்டும். எந்த நூலகத்தில் எத்தனை பேர் எதைத் திறந்தார்கள் என்ற மாதக் கணக்கை அவனே தர வேண்டும். யாருமே திறக்காததை அடுத்த வருடம் கழற்றிவிட வேண்டும்.

டெண்டர் இன்னொரு தலைவலி. 1998 டெண்டர் வெளிப்படைச் சட்டம் நல்ல சட்டம்தான். குறைந்த விலைக்காரனுக்குக் கொடு என்கிறது. நாற்காலிக்குச் சரி. தரவுத்தளம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காயையும் மார்க்கெட்டில் வரும் பளபள கத்தரிக்காயையும் ‘கத்தரிக்காய், கிலோ என்ன விலை’ என்று கேட்டால் எது வந்து சேரும் என்று உங்களுக்கே தெரியும். என்ன வேண்டும் என்பதை விவரமாக எழுதாமல் விலை கேட்கக் கூடாது.

பீஞ்சமந்தை டீச்சர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஜவ்வாது மலைக்கு மேல் சிக்னல் வரும் பாறை ஒன்று இருக்கிறது, அதன்மேல் ஏறித்தான் இதை அனுப்புகிறேன்.

நீங்கள் பேசும் எல்லாத் தரவுத்தளமும் ஆங்கிலம். அதை யாராவது கவனித்தீர்களா? என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி, நம் மலையைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் வேண்டும். எந்தக் கம்பெனியும் விற்காது. 1881ல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் இந்த மலையைப் பற்றி வருகிறது. அதுவும் ஆங்கிலம், வெள்ளைக்கார அதிகாரி பார்வை. நம் ஆட்கள் எழுதிய சின்னச் சின்னத் தமிழ்ப் பிரசுரங்கள், உள்ளூர் பத்திரிகைகள், கோயில் தல வரலாறுகள் எல்லாம் யார் வீட்டுப் பரணில் கரையான் தின்கிறதோ.

சந்தா என்பது வாடகை வீடு. காசு கொடுப்பதை நிறுத்திய அன்று சாமானைத் தெருவில் போடுவான். அதே காசில் உள்ளூர் ஆவணங்களை ஸ்கேன் எடுத்தால் அது நம் சொத்து. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்நூலகம் நடத்தவில்லையா? அதனோடு மாவட்ட நூலகங்களைச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்றும் கேட்பேன். பென் டிரைவில் இறக்கி மலைக்கு எடுத்துப் போகிற மாதிரி இருக்க வேண்டும். லாகின் எல்லாம் இங்கே எடுபடாது.

கோட்டை அகழி

டீச்சர், வாடகை வீடு என்று சொன்னது சுருக்கென்றது. ஒப்புக்கொள்கிறேன், நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

ஆனால் ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதாது. பக்கம் படமாக இருக்கும், உள்ளே தேட முடியாது. பழைய தமிழ் அச்சில் றா, னை எழுத்தெல்லாம் வேறு வடிவம், மென்பொருள் தடுமாறும். ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். அதற்கும் வருடா வருடம் காசு வேண்டும், சர்வருக்கு வேண்டும். சொந்த வீட்டுக்கும் வெள்ளையடிக்க வேண்டும் இல்லையா? காப்புரிமை வேறு. எழுதியவர் இறந்து 60 வருடம் ஆகாதவற்றுக்கு வாரிசுகளிடம் அனுமதி வாங்க வேண்டும்.

குடியாத்தம் தறி

திருத்துகிற வேலையை எங்களுக்குக் கொடுங்கள். நூலகத்தில் தேர்வுக்குப் படிக்கிற ஐம்பது பேர் இருக்கிறோம், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் டீக்காசுக்கு ஆகும். தமிழும் தேறும். இதற்கு நான் எதிர்ப்பு இல்லை. ஆங்கிலச் சந்தாவுக்குத்தான் எதிர்ப்பு, அது அப்படியே நிற்கிறது.

ஆம்பூர் பூட்ஸ்

என் தோல் புள்ளிவிவரம் போச்சா?

ஓய்வு பெற்ற நூலகர்

போகவில்லை. எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான சின்னத் தொகுப்பு ஒன்று, அதற்கு மாநில அரசே முழுக்கக் கொடுக்கட்டும், செஸ்ஸைத் தொட வேண்டாம். அதற்குமேல் விருப்பத் தொகுப்பு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் சேர்ந்து தோல் வணிகத்தை எடுத்துக்கொள்ளலாம், நாகப்பட்டினம் மீன்வளத்தை எடுக்கலாம். விலையை மட்டும் சென்னையில் ஒரே இடத்தில் பேச வேண்டும். உள்ளூர் ஸ்கேன் வேலைக்கு செஸ் காசு. அது எந்த ஊரில் வசூலானதோ அந்த ஊர் ஆவணத்துக்கே செலவாவதால் யாரும் வாய் திறக்க முடியாது.

பீஞ்சமந்தை டீச்சர்

ஐயா, மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டீர்களே. எங்கள் ஊரில் வசூலே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் மலை ஆவணத்துக்கு யார் காசு?

ஓய்வு பெற்ற நூலகர்

அடி வாங்கிக்கொண்டேன், டீச்சர். அதை மாநிலக் கணக்கில் சேர்த்து எழுதுகிறேன்.

கோட்டை அகழி

மாவட்ட நூலக அலுவலருக்கும் துறைக்கும் அனுப்ப ஒரு மனு எழுதிக் கீழே போட்டிருக்கிறேன். ஆறு வரிதான்.

ஒன்று, மாநிலக் காசில் பொதுத் தொகுப்பு. இரண்டு, செஸ் காசில் உள்ளூர் ஆவணம், வசூல் இல்லாத மலைப் பகுதிக்கு மாநில நிதி. மூன்று, மாதிரித் திட்டமாக முதலில் மூன்று மாவட்டங்களில் மட்டும். நான்கு, சந்தா முடிந்தாலும் காசு கட்டிய வருடத்து இதழ்கள் நம்மிடம் நிற்க வேண்டும். ஐந்து, உறுப்பினர் அட்டையால் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும், இறக்கிக்கொள்ளவும் விட வேண்டும். ஆறு, பயன்பாட்டுக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் போட வேண்டும்.

குடியாத்தம் தறி

கையெழுத்துப் போடுகிறேன், ஏழாவதாக மின்விசிறி போட்டால்.

டல்லாஸ் காட்பாடியான்

மூன்றாவது வரியில் ‘மாதிரித் திட்டம்’ என்பதை எடுத்துவிடுங்கள் அண்ணா. மூன்று மாவட்டத்துக்கு மட்டும் கேட்டால் எந்தப் பதிப்பகமும் மாநில விலை சொல்லாது. சில்லறை விலைதான் சொல்லும். சேர்ந்து வாங்குவதன் பலனே அதில் போய்விடும்.

கோட்டை அகழி

அதை எடுத்தால் துறையில் முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிடுவார்கள். விலையை மாநிலத்துக்கு வாங்கிவிட்டு, திறப்பது மட்டும் மூன்று மாவட்டத்தில் முதலில் என்று எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா? நூலகர் சார், அப்படி ஒப்பந்தம் போட வழி இருக்கிறதா?

ஓய்வு பெற்ற நூலகர்

இருக்கிறது. நாளைக் காலை வாசகம் எழுதித் தருகிறேன். மின்விசிறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.