டெல் 7010-ல் ரெண்டு மானிட்டர்: கார்டு போட்டதும் பழைய மானிட்டர் வேலை செய்யலை

டேலி_திருப்பூர்:
வணக்கம். மெஷின் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, சின்ன கேபினெட். ஐ5-3470 ப்ராசசர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பின்னாடி மானிட்டர் மாட்ட ஒரு விஜிஏ, ரெண்டு டிஸ்ப்ளேபோர்ட். ஹெச்டிஎம்ஐ கிடையாது.

பழைய மானிட்டர் 19 இன்ச், 1280×1024, விஜிஏ மட்டும்தான். புதுசு 22 இன்ச், 1920×1080, ஹெச்டிஎம்ஐயும் விஜிஏவும் இருக்கு. ஒண்ணுல டேலி (கணக்கு மென்பொருள்), இன்னொண்ணுல ஜிஎஸ்டி போர்ட்டல் ஓடணும். விஜிஏ ஒய் கேபிள் போட்டா ரெண்டுலயும் ஒரே படம். கடையில சொன்னபடி ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு (2 ஜிபி) போட்டாச்சு. கார்டோட ஹெச்டிஎம்ஐல புதுசு வருது, ஆனா மதர்போர்டு விஜிஏல இருக்கிற பழசுல "நோ சிக்னல்". என்ன பண்ணலாம்?

ஸ்க்ரூடிரைவர்:
உங்க வேலைக்கு கார்டே தேவையில்லைங்க. ஐ5-3470 உள்ளேயே இன்டெல் ஹெச்டி 2500 கிராபிக்ஸ் இருக்கு, ரெண்டு மானிட்டரை அதுவே சுலபமா ஓட்டும்.

ஒய் கேபிள் ஒரே சிக்னலை ரெண்டா பிரிக்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அது ஒரே மானிட்டராத்தான் தெரியும். எந்த செட்டிங்ஸ் மாத்தினாலும் தனித்தனி படம் வராது. தூக்கி ஓரமா வெச்சுடுங்க.

வாங்க வேண்டியது டிஸ்ப்ளேபோர்ட் டு ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஒண்ணு. சாதாரண பாஸிவ் வகை (சிக்னலோட வகையை மாத்தாம அப்படியே கடத்துறது) போதும், 7010-ன் போர்ட் ஹெச்டிஎம்ஐ சிக்னலையும் தரும். இதுல திசை முக்கியம். கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ. இதுக்கு நேர் எதிரா, ஹெச்டிஎம்ஐ லேப்டாப்பை டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்ல மாட்டுறதுக்குன்னு ஒரு கேபிளும் விக்கிறாங்க. ரெண்டு முனையும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனா திருப்பிப் போட்டா வேலை செய்யாது. அட்டையில எது "சோர்ஸ்" (சிக்னல் கிளம்புற பக்கம்)னு பார்த்து வாங்குங்க.

மெஷினை ஆஃப் பண்ணி பவர் கார்டையும் உருவிட்டு கார்டை எடுங்க. பழைய மானிட்டர் போர்டு விஜிஏல, புதுசு கன்வெர்ட்டர் வழியா டிஸ்ப்ளேபோர்ட்ல. மாத்திப் போட வேண்டாம்: 1920×1080-ஐ விஜிஏல கொடுத்தா சின்ன எழுத்து லேசா கலங்கும், ஜிஎஸ்டி டேபிள் படிக்க கண்ணு வலிக்கும். ஆன் ஆனதும் விண்டோஸ் கீயோட பி அழுத்தி "எக்ஸ்டெண்ட்" கொடுங்க.

பின்னாடி கழட்டும்போது கவனம். நிறைய டிஸ்ப்ளேபோர்ட் முனையில பட்டன் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். அதை அழுத்தாம இழுத்தா ரெண்டு கொக்கி போர்ட்டை விடாது, போர்ட்டே பிய்ஞ்சு வரலாம்.

டேலி_திருப்பூர்:
நன்றிங்க. ஆனா கார்டுல 2 ஜிபி மெமரி இருக்கே, அதை எடுத்தா மெஷின் ஸ்லோ ஆகாதா?

ஸ்க்ரூடிரைவர்:
ஆகாது. கணக்கு போட்டுப் பாருங்க: 1920×1080 புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட், மொத்தம் சுமார் 8 எம்பி. பழைய மானிட்டருக்கு சுமார் 5 எம்பி. டெஸ்க்டாப் காட்ட 2 ஜிபி எதுக்கு? கேம், வீடியோ எடிட்டிங்குன்னா பேச்சு வேற. இன்டெல் கிராபிக்ஸ் மெயின் ரேமைத்தான் பயன்படுத்தும், அதனால 8 ஜிபி ஒரே குச்சியா இல்லாம 4+4-ஆ இருந்தா வேகம் கூடும், நல்லது.

நைட்ஷிப்ட்:
கார்டை வெச்சுக்கத்தான் போறீங்கன்னா ரெண்டு வழி. கார்டு போட்டதும் பயாஸ் (ஆன் ஆனதும் முதல்ல ஓடுற மதர்போர்டு மென்பொருள்) போர்டு கிராபிக்ஸை நிறுத்திடும், உங்க பழைய மானிட்டர் இருட்டானது அதனாலதான். ஆன் பண்ணும்போது எஃப்2 அழுத்தி உள்ளே போய் "வீடியோ" பகுதியில "மல்டி-டிஸ்ப்ளே"யை எனேபிள் பண்ணினா ரெண்டும் சேர்ந்து ஓடும். இல்லேன்னா ரெண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுங்க. சின்ன கேபினெட்டுக்கு குட்டைப் பிராக்கெட் (கார்டைப் பிடிக்கிற தகடு) போடும்போது விஜிஏ போர்ட் ரிப்பன் கேபிளோட தனியா வந்துடும், அதுக்குப் பக்கத்து ஸ்லாட் காலியா இருக்கணும்.

இருந்தாலும் என் ஓட்டு எடுத்துடறதுக்குத்தான். அந்தத் தலைமுறை கார்டுகளுக்கு, ஜிடி 710 சிப் கம்பெனியான என்விடியா புது டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவுற மென்பொருள்) தர்றதை 2021-லயே நிறுத்திட்டாங்க, பாதுகாப்பு அப்டேட்டும் 2024-ஓட முடிஞ்சது. ரெண்டு கம்பெனி டிரைவரை ஒரே மெஷின்ல சமாளிக்கிறது வீண் தலைவலி.

கார்டை எடுத்ததும் டிவைஸ் மேனேஜர்ல "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" திறந்து பாருங்க. இன்டெல் ஹெச்டி கிராபிக்ஸ்னு இருக்கணும். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா டிரைவர் ஏறலை. அந்த நிலைமையில ரெண்டாவது மானிட்டரை விண்டோஸ் கண்டுக்காது. பலர் இதைப் பார்த்துட்டு கேபிளை மாத்தி மாத்தி வாங்குவாங்க. விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்க, வரலேன்னா டெல் தளத்துல சர்வீஸ் டேக் (மெஷின் மேல ஒட்டியிருக்கிற அடையாளக் குறி) கொடுத்து டிரைவரை எடுங்க.

டேலி_திருப்பூர்:
கன்வெர்ட்டர் போட்டாச்சு, ரெண்டும் தனித்தனியா வருது! மூணு சின்ன பிரச்சினை. ஸ்பீக்கர்ல சத்தம் போச்சு. புது மானிட்டர்ல கறுப்பு சாம்பல் மாதிரி வெளுத்துத் தெரியுது. மவுஸ் சில இடத்துல அடுத்த ஸ்கிரீனுக்குப் போகாம முட்டிக்குது.

நைட்ஷிப்ட்:
சத்தம்: ஹெச்டிஎம்ஐல ஆடியோவும் போகும்ங்கறதால விண்டோஸ் மானிட்டரையே ஸ்பீக்கரா எடுத்துக்கிச்சு. டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் பண்ணி, மேலே இருக்கிற பேரைத் தொட்டு ரியல்டெக் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்க.

வெளுப்பு: இன்டெல் டிரைவர் ஹெச்டிஎம்ஐ மானிட்டரை டிவின்னு நினைச்சு கறுப்பு முதல் வெள்ளை வரை 0-255-க்குப் பதிலா 16-235 அளவுல நிறம் அனுப்பும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்12 மூணையும் சேர்த்து அழுத்தினா இன்டெல் பேனல் வரும். அதுல டிஸ்ப்ளே, கலர் செட்டிங்ஸ் பக்கம் "குவான்டைசேஷன் ரேஞ்ச்"ஐத் தேடி "ஃபுல்" வைங்க. ஓரம் வெட்டுப்பட்டாலும் அதே காரணம்தான். மானிட்டர் மெனுல ஓவர்ஸ்கேனை (படத்தைத் திரையை விடப் பெரிசாக்குறது) ஆஃப் பண்ணுங்க.

மவுஸ்: டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1, 2-ன்னு இருக்கிற பெட்டிகளை மேஜை மேல இருக்கிற மாதிரியே இழுத்து வைங்க. ஒண்ணு 1080 உயரம், இன்னொண்ணு 1024. கீழ்விளிம்பை ஒட்டி வெச்சா புதுசோட மேல் 56 புள்ளி அகலப் பட்டையில மட்டும் முட்டும், அது தவிர்க்க முடியாதது.

இன்னொண்ணு: புது மானிட்டரை பட்டன்ல ஆஃப் பண்ணினா கேபிளைப் பிடுங்கினதா விண்டோஸ் நினைச்சு ஜன்னலெல்லாம் பழசுக்கு நகர்த்தலாம். டேலி எங்கேயோ காணோம்னா விண்டோஸ், ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு அழுத்துங்க, ஸ்கிரீன் விட்டு ஸ்கிரீன் தாவும்.

பழைய_போர்டு:
இதுலேயே கேட்டுக்கறேன். என்னது ஹெச்61 மதர்போர்டு, விஜிஏவும் டிவிஐயும் (இன்னொரு வகை மானிட்டர் போர்ட்) இருக்கு. ரெண்டு மானிட்டருமே விஜிஏ. டிவிஐ டு விஜிஏ சின்ன கட்டை வாங்கினா போதுமா?

ஸ்க்ரூடிரைவர்:
டிவிஐ போர்ட்டோட ஓரத்துல தட்டையான பிளவு இருக்கும். அதைச் சுத்தி நாலு சின்ன ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா டிவிஐ-ஐ, கட்டை போதும். பிளவு மட்டும்னா டிவிஐ-டி, அதுல விஜிஏக்கு வேண்டிய அனலாக் சிக்னலே வராது, கட்டை உள்ளே போகவும் போகாது. உங்க மாதிரி போர்டுல பெரும்பாலும் டி வகைதான். அப்போ உள்ளே சிப் இருக்கிற ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேணும். வெறும் கம்பியை மட்டும் இணைச்சு டிவிஐ-விஜிஏ, ஹெச்டிஎம்ஐ-விஜிஏன்னு விக்கிற கேபிள் எதுவும் இதுக்கு உதவாது.

டேலி_திருப்பூர்:
மூணும் சரியாச்சுங்க. பின்னாடி இன்னொரு டிஸ்ப்ளேபோர்ட் காலியா இருக்கு, மூணாவது மானிட்டரும் போடலாமா?

ஸ்க்ரூடிரைவர்:
ஹெச்டி 2500 மூணு வரை தாங்கும், ஒரு நிபந்தனையோட. மூணுல ரெண்டு அசல் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல்ல ஓடணும். பாஸிவ் கன்வெர்ட்டர் போட்டது ஹெச்டிஎம்ஐ கணக்குல போயிடும். விஜிஏல பழசு இருக்கறதால ரெண்டு டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் போடணும், இல்லே டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரா வாங்கணும்.