தினமும் முருங்கைக்கீரை போடலாமா?

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
பிள்ளைகளுக்கு எது வளர்க்க எளிது, கினி பிக்கா ஹேம்ஸ்டரா என்று முந்தாநாள் ஒரு தங்கை கேட்டிருந்தார். அதற்கு பொள்ளாச்சி இளநீர் அண்ணன் எழுதிய பதில் இது: "ரெண்டும் ஒன்றுதான். ஒரே கூண்டு, ஒரே தீனி. தினமும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டால் டாக்டர் பக்கமே போக வேண்டாம்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தங்கை இதை நம்பி வாங்கிவிட்டால் சாவது வாயில்லாத ஜீவன்.

ஆறு வருஷமாக கினி பிக் வளர்க்கிறேன். கினி பிக் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பிராணி. கூட்டமாக இருக்கும், நாள் முழுக்கப் புல் தின்னும். ஹேம்ஸ்டர் வறண்ட நிலத்தில் வளை தோண்டித் தனியாக இருப்பது, ராத்திரியில் தானியம் பொறுக்குவது. கினி பிக்கின் உடம்பு நம் உடம்பு மாதிரி, வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. ஹேம்ஸ்டர் உண்டாக்கிக்கொள்ளும். ஹேம்ஸ்டருக்குப் போடும் தானியத்தை மட்டும் கினி பிக்குக்குப் போட்டால் சில வாரங்களில் மூட்டு வீங்கி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும்.

அப்புறம் முருங்கை. தினமும் கூடாது. கால்சியம் அதிகம். கினி பிக் தின்ற கால்சியத்தில் வேண்டாததைப் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் கழிக்கும். அதுவே சிறுநீர்ப்பையில் தங்கிக் கல்லாகும். என் முதல் கினி பிக் கல் அடைத்துத்தான் செத்தது. நானும் அப்போது தினமும் முருங்கைதான் போட்டேன்.

பொள்ளாச்சி இளநீர் (பொள்ளாச்சி):
அம்மணி, எங்கள் தோட்டத்தில் வேலி ஓரம் பூரா முருங்கை. மூணு வருஷமாக தினமும் போடுகிறேன். ஒன்றுக்கும் கல் வரவில்லை. வைட்டமின் சி வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். முருங்கைக்கீரையில் அது நிறைய இருக்கிறது. பிறகு எதற்கு வேண்டாம் என்கிறீர்கள்? எங்கள் அப்பா காலத்திலிருந்து ஆடு, மாடு, கோழி, முயல் எல்லாம் வளர்த்த குடும்பம் இது. எனக்குத் தீனி சொல்லித்தர வேண்டியதில்லை.

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
முருங்கையில் வைட்டமின் சி இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? நான் எழுதியது 'தினமும்' என்ற ஒரு வார்த்தையைப் பற்றி. கினி பிக்குக்கு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். பச்சைக் குடைமிளகாய் 100 கிராமில் சுமார் 80 மில்லிகிராம் இருக்கிறது. கொய்யாவில் 200-க்கு மேல். தினம் ஒரு சிறு துண்டு குடைமிளகாய், இடையிடையே விரலளவு கொய்யா, வேலை முடிந்தது. கொய்யாவில் சர்க்கரை இருப்பதால் அதை அள்ளிப் போடக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் சொட்டு மருந்து கலப்பதும் வீண். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வீரியம் போய்விடும்.

ஆடு, மாடு வளர்த்தது உங்கள் பெருமை, இல்லை என்று சொல்லவில்லை. கினி பிக் ஆடு இல்லை.

நொய்யல் நடை (கோவை):
தங்கை கேட்டது இரண்டு பிராணிகளைப் பற்றி. இங்கே பேசுவது ஒரு கீரையைப் பற்றி. ஹேம்ஸ்டர் வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எளிது என்றால் ஹேம்ஸ்டர்தான். ஒன்றே ஒன்று போதும். ஜோடி தேட வேண்டாம், புல்லுக்கு அலைய வேண்டாம். 100-க்கு 50 சென்டிமீட்டர் தளம், தோண்டுவதற்கு ஒரு சாண் உயரத்துக்குக் காகிதத் துண்டு, ஒரு சக்கரம். சக்கரம் மட்டும் சின்னதாக வாங்காதீர்கள், சிரிய ஹேம்ஸ்டருக்கு (சிரியா நாட்டு வகை) 28 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால்தான் முதுகு வளையாமல் ஓடும். 1930-ல் அலெப்போ பக்கத்தில் ஆரோனி என்பவர் தோண்டி எடுத்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான் இன்று வீடுகளில் இருக்கும் சிரிய ஹேம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. அப்படிப்பட்ட உறுதியான ஜீவன் அது.

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
உறுதியான ஜீவனா? இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. கினி பிக் ஐந்திலிருந்து எட்டு வருஷம் இருக்கும். உங்கள் ஹேம்ஸ்டர் பகலெல்லாம் தூங்கும், பிள்ளை தூங்கிய பிறகு எழுந்து ஓடும். பள்ளி விட்டு வரும் குழந்தை ஆசையில் தட்டி எழுப்பினால் கடி வாங்கும். யாருக்கு எளிது தம்பி? உங்களுக்கா, பிள்ளைக்கா, ஹேம்ஸ்டருக்கா?

இளநீர் அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் போடலாமா, கூடாதா?

ஈரோட்டு மஞ்சள் (ஈரோடு):
கீரையை விடுங்கள். எங்கள் ஊர் வெயிலில் இரண்டுமே கஷ்டம். கினி பிக்குக்கு 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நல்லது, 28-ஐத் தாண்டினாலே திணறும். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே 40-ஐத் தொடுகிறது. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே வைக்கிறேன், தரையில் டைல்ஸ் துண்டு போடுகிறேன், ஜன்னலுக்கு ஈரக் கோணி கட்டுகிறேன். போன சித்திரையில் பவர் கட் ஆன மத்தியானம் ஒன்று மூச்சு வாங்கி விழுந்துவிட்டது. ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது. அன்றைக்குப் பட்ட பாடு இப்போதும் நினைவிருக்கிறது.

நொய்யல் நடை (கோவை):
அதற்குத்தான் கோவையில் இருக்க வேண்டும் என்பது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஊர். ஃபேன்கூடத் தேவைப்படாது.

ஈரோட்டு மஞ்சள் (ஈரோடு):
போன கோடையில் உங்கள் ஊர் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்று தலை சுற்றி உட்கார்ந்தவன் நான். கணவாய்க் காற்றைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள். ஊர்ப் பெருமைக்காக ஃபேன் இல்லாமல் ஒரு பிராணியை வைத்திருந்தால் அது பாவம்.

திருப்பூர் ஓவர்லாக் (திருப்பூர்):
கூண்டுக்குள் போட காகிதம் எதற்கு? எங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. மெத்தென்று இருக்கும். என் ஹேம்ஸ்டர் அதில்தான் கூடு கட்டித் தூங்குகிறது.

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
ஓவர்லாக் தம்பி, இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். துணியிலிருந்து நூல் பிரியும். அது ஹேம்ஸ்டர் காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடும். கன்னப் பையில் திணித்துக்கொண்டால் வெளியே வராது. பஞ்சும் அப்படித்தான். அச்சு மை இல்லாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஹேம்ஸ்டர்காரர் நொய்யல் நடை இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

தாராபுரத்தான் (தாராபுரம்):
ஒரு சந்தேகம். ஹேம்ஸ்டருக்குத் தமிழில் வெள்ளெலி என்று எழுதுகிறார்களே, எங்கள் கடலைக்காட்டில் வளை தோண்டும் வெள்ளெலி வேறு அல்லவா? அதற்கு வால் நீளம்.

பொள்ளாச்சி இளநீர் (பொள்ளாச்சி):
வேறுதான். நம் காட்டு வெள்ளெலி ஜெர்பில் வகை. ஹேம்ஸ்டருக்கு வால் இருப்பதே தெரியாது. பெயர் தெரியாதவர்கள் வைத்த பெயர். கினி பிக்கை சீமைப் பெருச்சாளி என்பதும் அதே கதை. அது பெருச்சாளியும் இல்லை, பன்றியும் இல்லை. இங்கே பாடம் எடுக்கிறவர்கள் முதலில் பெயரைச் சரியாகச் சொல்லட்டும்.

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
நான் வெள்ளெலி என்று எங்கேயும் எழுதவில்லை, பெருச்சாளி என்றும் எழுதவில்லை. பேச்சை மாற்றாதீர்கள் அண்ணா. ஒரே தீனி என்று எழுதியது நீங்கள். 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினி பிக்குக்கு வெறும் தானியம் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு ஸ்கர்வி வந்தது, வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய். அதுவரை மனிதனுக்கு மட்டும் வருவதாக நினைத்திருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த விஷயத்தை இன்றைக்கு நாம் சண்டை போட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

தீனியில் முதலிடம் உலர்ந்த புல்லுக்கு. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல் மென்றால்தான் தேயும். இறக்குமதி டிமோத்தி புல்லுக்குப் பணம் கொட்ட வேண்டாம். எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் இருக்கிறது. கதிர் வாங்கும் முன் அறுத்து நிழலில் காயவைத்து வைத்துக்கொள்கிறேன். காங்கயம் மாடு தின்று வளர்ந்த புல் அது.

பொள்ளாச்சி இளநீர் (பொள்ளாச்சி):
இப்போது மாட்டிக்கொண்டீர்கள் அம்மணி. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. அதையே மேய்ந்த குதிரைக்கு எலும்பு நோய் வரும். என் முருங்கையில் கல் வருமாம், உங்கள் புல்லில் வராதாம். காங்கயம் புல் என்றால் மட்டும் அமிர்தமா?

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
குதிரைக்கு வருவது கால்சியம் குறைவதால். ஆக்சலேட் கால்சியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், உடம்புக்குச் சேராது. நான் பேசுவது கால்சியம் கூடுவதைப் பற்றி. இரண்டும் நேர் எதிர். ஆறு வருஷமாக இந்தப் புல்தான். முருங்கையை நிறுத்திய பிறகு என் வீட்டில் ஒன்றுக்கும் கல் வரவில்லை. மாட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

பொள்ளாச்சி இளநீர் (பொள்ளாச்சி):
உங்கள் வீட்டில் வரவில்லை என்றால் அது சாட்சி. என் வீட்டில் மூணு வருஷமாக வரவில்லை என்றால் அது சாட்சி இல்லை. நல்ல நியாயம். சரி, கேட்க வேண்டியதை நானும் கேட்டுவிடுகிறேன். போன வருஷம் இரண்டும் பெட்டை என்று சொல்லி எனக்கு ஜோடி கொடுத்தது யார்? ரெண்டரை மாதத்துக்குள் மூன்று குட்டி. அது போட்ட கையோடு மறுபடியும் சினை. கூண்டு வாங்கியே என் பணம் கரைந்தது. அப்போது எங்கே போனது இந்த அறிவெல்லாம்?

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
கொடுத்தது நான்தான், மறைக்கவில்லை. இரண்டும் பெட்டைதான். மூத்தது என்னிடம் இருந்தபோதே சினைப்பட்டிருக்க வேண்டும், அது எனக்குத் தெரியவில்லை. சினைக்காலம் 59 முதல் 72 நாள், கணக்குப் போட்டுப் பாருங்கள். குட்டி பிறந்த அன்று போன் செய்து, ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரித்துவிடுங்கள் என்று சொன்னேன். நீங்கள் "பால் மறக்கட்டும்" என்று இரண்டு மாதம் விட்டுவைத்தீர்கள். மறு சினை அந்தக் குட்டிகளால் வந்தது. அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

நொய்யல் நடை (கோவை):
இதனால்தான் ஹேம்ஸ்டர் என்கிறேன். ஒன்றை வைத்தால் ஒன்றுதான் இருக்கும்.

ஈரோட்டு மஞ்சள் (ஈரோடு):
ஹேம்ஸ்டர் வாங்குகிறவர்கள் கடையில் ஜோடியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். வளர்ந்த சிரிய ஹேம்ஸ்டர் இரண்டை ஒன்றாக வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் "ஜோடியாக இருந்தால் சந்தோஷமாக இருக்கும்" என்று சொல்லி என் அக்கா பையனிடம் விற்றார்கள். மூன்றாவது வாரம் காலையில் பையன் பார்த்த காட்சியை எழுத முடியவில்லை. இன்னொன்று, இரண்டில் எதற்கும் நாய்க்கு எழுதிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். குடலில் நல்ல கிருமிகள் செத்து, பிராணியும் போய்விடும்.

பொள்ளாச்சி இளநீர் (பொள்ளாச்சி):
மருந்தெல்லாம் எதற்கு? முருங்கை போட்டால் நோயே வராது.

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
தினமுமா?

பொள்ளாச்சி இளநீர் (பொள்ளாச்சி):
தினமும்தான். நாளைக் காலையில் ஒடித்துப் போடுகிறேன். தின்பதைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், எல்லோரும் பாருங்கள்.

கொறங்காட்டுக்காரி (காங்கயம்):
தின்னும் படம் வேண்டாம். கூண்டில் சிறுநீர் காய்ந்த துணியைப் படம் எடுத்துப் போடுங்கள். லேசாகக் கலங்கியிருந்தால் பரவாயில்லை. மணல் மாதிரி நரநரவென்று வெள்ளையாகப் படிந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அது நான் கொடுத்த கினி பிக் அண்ணா.