கவுன்சில் கூட்டத்துல பேசி ஏதாவது மாறுமா?

தெருவிளக்கு:
எங்க ஏரியா நூலகத்தை சாயங்காலம் 5 மணிக்கே மூடப்போறாங்கன்னு கேள்விப்பட்டு முதல் தடவையா கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். பேச 3 நிமிஷம் கொடுத்தாங்க, ராத்திரி முழுக்க உக்காந்து எழுதி வச்சதை வாசிச்சேன், நன்றின்னாங்க, அடுத்த நிமிஷமே கை தூக்கி நிறைவேத்திட்டாங்க. ஒருத்தர் கூட எதிர்க்கேள்வி கேக்கல. அழுகையே வந்துடுச்சு. இதுக்கெல்லாம் போறதுல அர்த்தம் இருக்கா?

கடைசிபெஞ்ச்:
இல்லைங்க, நேராவே சொல்றேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அம்மா 1969லயே மக்கள் பங்கேற்பை 8 படி உள்ள ஏணியா பிரிச்சுக் காட்டினாங்க. கருத்து கேக்குறதுங்கறது அதுல கீழேயிருந்து 4வது படி, அது பேருக்குத்தான்னு அவங்களே வகைப்படுத்தியிருக்காங்க, ஏன்னா கேட்டதை செய்யணும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஓட்டு போட்டு ஒருத்தரை அனுப்பியிருக்கோம், அவர் சரியில்லைன்னா அடுத்த தேர்தல்ல மாத்துங்க. அந்த 3 நிமிஷம் உங்களை அமைதிப்படுத்த மட்டும்தான்.

நீலப்பேனா:
கடைசிபெஞ்ச் சொல்றதை நான் ஒத்துக்கல. தெருவிளக்கு, நீங்க பேசினது தப்பே இல்ல, போன நேரம்தான் லேட். முழு கவுன்சில் கூட்டம்ங்கறது கடைசி ஸ்டேஜ், அதுக்குள்ள அதிகாரிங்க வரைவு போட்டு, கமிட்டியில பேசி, கட்சிக்காரங்க தங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு வந்திருப்பாங்க, அங்க யாரும் மனசு மாத்த மாட்டாங்க. கமிட்டி ஸ்டேஜ்ல போகணும், முடிஞ்சா பட்ஜெட் வரைவு வர்றப்பவே. எங்க தெருவுல பாதசாரி கிராசிங் கேட்டு 2 வருஷம் கத்தினோம், ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரே ஒரு வாரம், காலையில எத்தனை பிள்ளைங்க ரோட்டை கடக்குதுன்னு எண்ணி ஒரு பக்கத்துல எழுதி, அந்த கமிட்டியில இருக்கற எல்லா கவுன்சிலருக்கும் தனித்தனியா கொடுத்தோம். கிராசிங் வந்துச்சு. வாயால சொன்னது காத்துல போயிடும், எழுதிக் கொடுத்தா ஃபைல்ல நிக்கும்.

இரவுஷிப்ட்:
நீலப்பேனா அக்கா, கிராசிங் வந்தது சந்தோஷம்தான், ஆனா கமிட்டி கூடுறது மதியம் 3 மணிக்கு. நான் ராத்திரி வேலை முடிச்சுட்டு தூங்குற நேரம் அது, வாடகை வீடு வேற, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாறுறேன். அந்த ஹால்ல உக்காந்திருக்கறது யாரு, சொந்த வீடு உள்ளவங்க, ரிட்டயர் ஆனவங்க. புது ஃபிளாட் கட்டக்கூடாதுன்னு அவங்கதான் எதிர்ப்பாங்க, அங்க குடிவர வேண்டிய என்னை மாதிரி ஆளு குரல் பதிவாகவே ஆகாது. சீக்கிரமா போறவங்களுக்கு பலன்னா நேரம் உள்ளவங்களுக்கு பலன்னுதானே அர்த்தம்? பெல்ஜியத்துல ஜெர்மன் பேசுற பகுதியில 2019லேர்ந்து குலுக்கல்ல ஆள் எடுத்து 24 பேர் நிரந்தர மன்றம் வச்சிருக்காங்க. குலுக்கல்ல பேர் வந்தா என்னை மாதிரி ஆளுங்களும் உள்ள வருவாங்க.

நீலப்பேனா:
இது நியாயமான அடி, என்கிட்ட முழு பதில் இல்ல. ஆனா பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரே ஊர்ல 1989ல ஆரம்பிச்சதைப் பாருங்க, பகுதி பகுதியா மக்களே கூடி பட்ஜெட்ல எது முதல்ல வரணும்னு வரிசை போட்டாங்க, வசதி குறைஞ்ச பகுதிக்கு அதிக மதிப்பெண், அதனால ஏழைங்கதான் நிறைய வந்தாங்க. வந்தா தெருவுக்கு பைப் வரும்னு தெரிஞ்சா களைப்போடயாவது வருவாங்க.

கடைசிபெஞ்ச்:
அதே போர்ட்டோ அலெக்ரேல 2017ல புது மேயர் வந்து நிறுத்தி வச்சாரே? மேலே இருக்கறவர் மனசு வச்சா நடக்கும் இல்லைன்னா நிக்கும், இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்.

நீலப்பேனா:
அதுக்குத்தான் சட்டம் வேணும்ங்கறது. போலந்துல 2018ல சட்டமே போட்டு பெரிய நகரங்கள் செலவுல குறைஞ்சது 0.5 சதவீதத்தை மக்கள் ஓட்டுக்கு விடணும்னு கட்டாயமாக்கிட்டாங்க. சின்னத் தொகைதான், ஆனா மேயர் நினைச்சா எடுக்க முடியாது.

கடைசிபெஞ்ச்:
0.5ஐ கொடுத்துட்டு மிச்சம் 99.5ஐ பத்தி யாரும் கேக்காம இருக்கறதுதான் என் பயமே. சரி, நூலக விஷயம் முடிஞ்சு போச்சா இல்லையா, அதை சொல்லுங்க தெருவிளக்கு.

தெருவிளக்கு:
இப்பதான் பாத்தேன், நேரத்தைக் குறைக்கறதுக்கு மட்டும்தான் ஓட்டு போட்டிருக்காங்க, எந்த நாள் எத்தனை மணின்றது அடுத்த மாசம் கமிட்டிக்கு வருதாம். சாயங்காலம் எத்தனை பேர் வர்றாங்கன்னு நாளையிலேர்ந்து வாசல்ல நின்னு எண்ணப்போறேன். இரவுஷிப்ட், உங்களுக்கு எந்த நேரம் தொறந்திருந்தா வர முடியும்னு எழுதி அனுப்புறீங்களா, என் மனுவோட சேத்து வைக்கறேன்.

இரவுஷிப்ட்:
அனுப்புறேன். கூட வேலை பாக்குற 4 பேர் கிட்டயும் வாங்கித் தர்றேன். கமிட்டி எழுத்துல காரணம் சொல்லணும்னு அந்த மனுவுலயே கேளுங்க.

கடைசிபெஞ்ச்:
பதில் வந்தா இங்க போடுங்க. வரலைன்னா அதையும் போடுங்க.