டொரான்டோவில் தம்பியின் நீச்சல் குளம்: சுற்றுத் தளத்துக்கு அப்பா சொல்வது சரியா, அங்குள்ள கான்ட்ராக்டர் சொல்வது சரியா?

வேளிமலை:
என் தம்பி டொரான்டோ பக்கம் இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் கான்கிரீட் நீச்சல் குளம் ஒன்று கட்டுகிறான், இந்தக் கோடையில் தோண்டுகிறார்கள். குளத்தைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை, அதைச் சுற்றிப் போடுகிற தளத்தைப் பற்றித்தான் வீடே ரெண்டாகிக் கிடக்கிறது. அப்பா தக்கலை வட்டாரத்தில் காலமெல்லாம் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர். அவர் சொல்வது: ஆறு இஞ்சு கனம், சிமென்ட் தூக்கலாக, தளத்துக் கம்பியைக் குளத்துச் சுவர்க் கம்பியோடு சேர்த்துக் கட்டு, மேலே சிமென்ட் பால் விட்டுக் கரண்டியால் வழவழவென்று இழு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து, உன் பேரன் காலம் வரை நிற்கும். அங்குள்ள கான்ட்ராக்டர் சொல்வது அத்தனைக்கும் நேர் எதிர்: நாலு இஞ்சு போதும், சுவரோடு ஒட்டவே கூடாது, மேலே துடைப்பத்தால் கீறிவிடுவோம், கான்கிரீட்டுக்குள் காற்றுக் குமிழி வேண்டும், முடிந்தால் தளத்தை அடுத்த வருஷம் போடலாம். "அவன் உன்னை ஏமாத்துகான்" என்று அப்பா ஒரே பிடி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொத்தனார்_மகன்:
உங்க அப்பா பக்கம்தான் நான். கான்கிரீட்டுக்குள் காற்று வேணும் என்று ஒருத்தன் சொன்னால் மார்த்தாண்டத்தில் அவனுக்குச் சித்தாள் வேலைகூடக் கிடைக்காது. காற்றை வெளியே எடுக்கத்தானே வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்துப் போடுகிறோம்? சென்ட்ரிங் பிரித்ததும் ஜல்லி தெரிந்து ஓட்டை ஓட்டையாக இருந்தால் இஞ்சினியர் உடைக்கச் சொல்கிறார், அங்கே அதையே காசு கொடுத்து வாங்குகிறார்களாம். நாலு இஞ்சு என்பது நம்ம ஊரில் ஆட்டோ நிறுத்துகிற முற்றத்துக்குப் போடுவது. கனம் குறைவு, கம்பி குறைவு, வேலை குறைவு, அதோடு ஒரு வருஷம் தவணை வேறு. எந்த நாட்டு கான்ட்ராக்டரும் ஒரே ஜாதிதான் அண்ணே.

குளிர்நாட்டான்:
நான் கருங்கல்காரன், இப்போது ஒன்டாரியோவில் கான்கிரீட் பரிசோதனை வேலை. கொத்தனார்_மகன் சொல்கிற ஓட்டை வேறு, இந்தக் குமிழி வேறு. ஜல்லிக்கு நடுவே சாந்து போகாமல் விட்டுப்போன பொந்து பலவீனம், அதில் சந்தேகமே இல்லை. இங்கே கலக்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குமிழிகள், சோப்பு மாதிரி வேலை செய்கிற ஒரு மருந்தால் வருபவை, சாந்து முழுக்கச் சமமாகப் பரவி நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். நனைந்த கான்கிரீட்டின் துளைகளில் நிற்கிற தண்ணீர் உறைந்தால் அந்த அழுத்தம் எங்காவது போக வேண்டும், பக்கத்திலேயே காலிக் குமிழி இருந்தால் அதற்குள் போகும், இல்லாவிட்டால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு போகும். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. பகலில் உருகி ராத்திரியில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்து, ஒரே பனிக்காலத்தில் இது பல தடவை நடக்கும். மூணாவது நாலாவது வருஷம் பார்த்தால் மேல்தோல் அப்பளமாக உரிந்து உள்ளே ஜல்லி தெரியும்.

கனடாவில் கான்கிரீட்டுக்கான தர விதிப்புத்தகம் சிஎஸ்ஏ ஏ23.1. உறைபனியும் பனி உருகத் தூவுகிற உப்பும் படுகிற வெளித்தளத்துக்கு அதில் சி-2 என்று ஒரு வகுப்பு: 28 நாளில் குறைந்தது 32 எம்பிஏ பலம் (மெகாபாஸ்கல், நசுங்காமல் தாங்குகிற அழுத்தம்), தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது, வழக்கமான 20 மி.மீ. ஜல்லிக்குக் காற்று 5 முதல் 8 சதவீதம். லாரி வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தக் காற்றைத்தான். ஒரு உலோகப் பானையில் கான்கிரீட்டை மூணு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் குத்தி, ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டி, வாயை வழித்து, மூடியை நாலு பக்கமும் இறுக்கிப் பூட்டி, இடைவெளியில் தண்ணீர் விட்டு, கையால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, நெம்புகோலை அமுக்கினால் முள் சரிந்து ஒரு எண்ணில் நிற்கும். நாலு சதவீதம் என்று காட்டினால் மருந்து சேர்த்துத் திருப்பிக் கலக்க வேண்டும், இல்லை லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். தம்பியிடம் சொல்லுங்கள், அந்தப் பரிசோதனையை வாசலில் நின்று பார்க்கட்டும்.

கொத்தனார்_மகன்:
சரி, ஓட்டையும் குமிழியும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று கூடினால் பலம் குறையுமா குறையாதா, அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டீர்கள். நம்ம ஊர் புத்தகத்தில் இப்படி ஒரு மருந்து இருக்கிறதாக எந்த இஞ்சினியரும் சொல்லிக் கேட்டதில்லை.

குளிர்நாட்டான்:
குறையும். ஒரு சதவீதக் காற்றுக்குச் சுமார் 5 சதவீத பலம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் சிமென்டைக் கொஞ்சம் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, கலவையை அதற்கேற்றபடி அமைக்கிறார்கள். மேலே சொன்ன 32 என்பது காற்றோடு சேர்த்து வர வேண்டிய பலம். அதிலும் வைப்ரேட்டரை விட்டுக் கடைந்தால் இந்த நல்ல குமிழியும் வெளியே ஓடிவிடும், அங்கே உங்கள் கை கொஞ்சம் அடங்க வேண்டும்.

எம்35:
நம்ம புத்தகத்தில் இருக்கிறது தம்பி, படிக்கிறவர்கள்தான் இல்லை. இந்தியக் கான்கிரீட் விதிப்புத்தகம் ஐஎஸ் 456, 2000-ஆம் வருஷப் பதிப்பு, 8.2.2.3 பிரிவு: நனைந்த நிலையில் உறைந்து உருகுகிற இடத்தில் எம்50-க்குக் கீழ் (எம் என்பது ரகம், எண் 28 நாள் பலம்) கான்கிரீட் போட்டால் 20 மி.மீ. ஜல்லிக்கு 5 சதவீதம் காற்று, ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். லடாக்கிலும் இமாச்சலத்திலும் கட்டுகிறவனுக்கு அது தேவை, நாகர்கோவிலில் இருப்பவனுக்கு எதற்கு? அதே புத்தகத்தில் மூணாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 'மிகக் கடுமை' என்ற வரிசையில் கடல்நீர்ச் சாரல் படுகிற கான்கிரீட்டும், நனைந்தபடி கடுமையாக உறைகிற கான்கிரீட்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கம்பி போட்ட கான்கிரீட் என்றால் இரண்டுக்கும் குறைந்தது எம்35, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45. கொளச்சலில் அலை தெறிக்கிற சுவரும் டொரான்டோ முற்றமும் நம்ம புத்தகத்துக்கு ஒரே ரகம்.

ஆனால் குளிர்நாட்டானோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. காற்று, காற்று என்று இவ்வளவு நீட்டிவிட்டு அடித்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேல்தோல் உரிந்தால் அசிங்கம், அவ்வளவுதான். அடிமண் எழும்பினால் தளமே போச்சு. மண் எழும்ப மூணு வேண்டும்: வண்டல் மாதிரி நுண்ணிய மண், தண்ணீர், உறைகிற குளிர். மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் உறைவதோடு கதை முடியாது, உறைகிற இடம் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பனிக்கட்டி அடுக்கடுக்காகத் தடித்து மேலே இருப்பதைத் தூக்கும். எம்60 போட்டாலும் தூக்கும், ஆறு இஞ்சு போட்டாலும் தூக்கும். குளிரை நீங்கள் தடுக்க முடியாது, மண்ணையும் தண்ணீரையும்தான் மாற்றலாம். மேல்மண்ணை வெட்டி எறிந்துவிட்டு, உடைகல்லைக் குறைந்தது ஆறு இஞ்சு, களிமண்ணோ வண்டலோ என்றால் அதற்கும் மேலே, அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்குங்கள், தளத்தை அடிக்குக் கால் இஞ்சு வீதம் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துவிடுங்கள். காசு மிச்சம் இருந்தால் அப்புறம் குமிழி வாங்கலாம்.

குளிர்நாட்டான்:
அடித்தளம் முதலில் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "காசு மிச்சம் இருந்தால்" என்பது தப்பு. இங்கே காற்று சேர்ந்த கலவைக்குப் பெரிய விலை வித்தியாசம் கிடையாது, வெளி வேலைக்கு அதுதான் சாதாரணக் கலவை. அதை வேண்டாம் என்றால்தான் லாரிக்காரன் ஒரு மாதிரி பார்ப்பான்.

கடல்காத்து:
நான் முட்டம் பக்கம் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன், அங்கேயும் ஒரு குளம் உண்டு. உங்க எல்லாரிடமும் ஒரே கேள்வி, கான்கிரீட்டே எதற்கு? எங்க தளத்தில் உப்புக்காற்றில் உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து, துரு வீங்கி, தளம் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. உடைத்து அள்ளிப் போட ஆன செலவில் புதுசாகவே போட்டிருக்கலாம். இப்போது இன்டர்லாக் கல் பதித்திருக்கிறேன், ஒரு இடம் தாழ்ந்தால் பத்து கல்லை எடுத்து மணலைச் சரிபண்ணி திரும்ப வைத்தால் முடிந்தது. கனடாவில் தரையே எழும்புமாம், தாழுமாம், பனி உருக உப்பும் தூவுவார்களாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே பலகையாகக் கான்கிரீட்டைப் போட்டுவிட்டு வருஷா வருஷம் கவலைப்படுவானேன்?

கொத்தனார்_மகன்:
இன்டர்லாக் கல்லுக்கு நடுவே முளைக்கிற புல்லைப் பிடுங்க உங்க ஹோம்ஸ்டேயில் ஆள் இருக்கும். கனடாவில் தம்பியே குனிய வேண்டும்.

குளிர்நாட்டான்:
கடல்காத்து சொல்வதில் பாதி நியாயம். குளம் கட்டும்போது சுவருக்கு வெளியே ஆள் நின்று வேலை செய்ய அகலமாகத் தோண்டுவார்கள், பிறகு அந்த இடத்தை நிரப்புவார்கள். நிரப்பிய மண் ஒரு பனிக்காலம், ஒரு மழைக்காலம் தாண்டும்வரை அமர்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் உடனே தளம் போட்டால் அடியில் பொந்து விழுந்து, தளம் குளத்தை நோக்கிச் சரியும். வேளிமலையின் கான்ட்ராக்டர் அடுத்த வருஷம் என்று சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும், அது ஏமாற்று இல்லை. காத்திருக்க முடியாது என்றால் அந்தப் பள்ளத்தை மண்ணால் நிரப்பாமல், தூள் இல்லாத முக்கால் இஞ்சு ஜல்லியால் நிரப்பச் சொல்லுங்கள், அது அவ்வளவாக அமராது, தண்ணீரும் நிற்காது. ஆனால் இன்டர்லாக் கல்லும் அடித்தளம் மோசமாக இருந்தால் அலை அலையாகத்தான் போகும். திருப்பிப் பதிப்பது சுலபம், அந்த ஒரு லாபம்தான்.

கம்பி விஷயத்தில் கடல்காத்து பயப்படுவது சரி. உப்பு கடலிலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும் இரும்புக்கு ஒன்றுதான்.

கொத்தனார்_மகன்:
இப்போது சொன்னீர்களே, அங்கேதான் பிடிக்கிறேன். எம்35 காட்டிய அதே புத்தகத்தில் 'மிகக் கடுமை' என்றால் கம்பிக்கு மேலே 50 மி.மீ. கான்கிரீட் மூடாக்கு வேணும். நாலு இஞ்சுத் தளம் என்பது 100 மி.மீ. அப்போது கம்பி நடு வயிற்றில்தான் போகும், விரிசலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய மேல்பகுதிக்கு ஏறவே ஏறாது. ஆக, அஞ்சு இஞ்சாவது வேண்டும். அப்பா சொன்ன ஆறு ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

எம்35:
கணக்கு சரி, அதை மறுக்க மாட்டேன். காசு இருந்தால் அஞ்சு போடட்டும். விரிசலைக் கம்பியை நம்பி மட்டும் விடவும் வேண்டாம், நாலு இஞ்சுத் தளம் என்றால் எட்டிலிருந்து பத்து அடிக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழம், இறுகியதும் தாமதிக்காமல் மெஷினால் வெட்டச் சொல்லுங்கள். கீறுகிற இடத்தை நாம் முடிவுசெய்தால் அது கோடு, இல்லாவிட்டால் விரிசல்.

வேளிமலை:
அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். காற்றுக்கு அரைமனதாகத் தலையாட்டினார். ஆனால் சுவரோடு சேர்த்துக் கட்டுவதிலும் வழவழப்பிலும் இறங்கி வரவே இல்லை. "சேர்த்துக் கட்டாத தளம் ஒரு நாள் தாழ்ந்து குளத்தோரம் படி விழும், குழந்தை கால் தட்டி விழும்" என்கிறார். பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைக் காட்டி, அந்த மினுக்கு வேண்டாமா என்று வேறு கேட்கிறார்.

குளிர்நாட்டான்:
அரண்மனைத் தரை கூரைக்குக் கீழே இருக்கிறது, அதில் யாரும் ஈரக் காலோடு ஓடுவதில்லை. வெளித்தளத்தை மினுக்கினால் முதலில் வழுக்கும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். போட்டதும் கான்கிரீட்டின் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும், அது போகும்முன் கரண்டி போட்டாலோ, சிமென்ட் பால் விட்டாலோ, மேல்தோலில் மட்டும் தண்ணீர் விகிதம் ஏறிப் பலம் செத்துவிடும், அழுத்தித் தேய்த்ததில் அங்கிருந்த குமிழியும் போய்விடும். உறைபனி முதலில் கை வைக்கிறது அந்த மேல் மில்லிமீட்டர்களில்தான். தண்ணீர் வற்றிய பிறகு மட்டப்பலகை, அப்புறம் துடைப்பம், அதோடு விட வேண்டும்.

பாத்தி கட்டுவது ஜூன், ஜூலையில் என்றால் தாராளமாகச் செய்யலாம், ஒரு வாரம் ஈரமாக வைப்பது நல்லதுதான். அக்டோபரில் செய்தால், ஊறிப்போன பச்சைத் தளத்தை நேராக உறைபனியில் கொண்டு விடுவதாகும். உறைபனி வருமுன் தளம் ஒரு மாதமாவது காய வேண்டும், ஆகவே செப்டம்பர் தொடக்கத்துக்குள் போடாவிட்டால் அடுத்த வருஷம்தான். முதல் பனிக்காலம் உப்பே கூடாது, வழுக்கினால் மணல் தூவலாம்.

சுவரோடு கட்டுவது பற்றி: குளம் ஆழத்தில் நிற்கிறது, தளம் உறைகிற மண்ணின் மேல் கிடக்கிறது. டொரான்டோ பக்கம் அஸ்திவாரத்தை 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவது எதற்கு? அதுவரை மண் உறையும் என்பதால். ஒன்று அசையாமல் நிற்கிறது, மற்றது அசைகிறது, ரெண்டையும் கம்பியால் பூட்டினால் எழும்புகிற தளம் குளத்தின் விளிம்பைப் பிடித்து இழுக்கும், டைல்ஸும் விளிம்பில் பதிக்கிற கோப்பிங் கல்லும்தான் முதலில் தெறிக்கும். நடுவே இடைவெளி விட்டு, நுரைக் கயிறு அமுக்கி, மேலே இழுபடுகிற சீலன்ட் ஊற்ற வேண்டும்.

கொத்தனார்_மகன்:
எழும்புவதற்குப் பதில் சொன்னீர்கள், தாழ்வதற்குச் சொல்லவில்லையே. அப்பா கேட்டது தாழ்வதைப் பற்றி.

எம்35:
அவர் கேட்டது நியாயமான கேள்வி. தாழ்வதைத் தடுக்கக் கம்பி வேண்டாம், கீழே ஒரு தாங்கல் போதும். குளத்துச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு விளிம்பு விட்டுத் தளத்தை அதன் மேல் ஒட்டாமல் உட்காரவைக்கலாம். அல்லது நிரப்பிய பள்ளத்துக்குள் உறைமட்டத்துக்கும் கீழே, அசையாத மண்வரை சின்னத் தூண்கள் இறக்கலாம். அதை இப்போதே, குளத்தின் படம் போடும்போதே சொல்ல வேண்டும், சுவர் எழும்பிய பிறகு முடியாது.

குளிர்நாட்டான்:
விளிம்பு விட்டால் தளம் எழும்பும்போது அடியில் மண்ணும் கல்லும் புகுந்துகொள்ளும், திரும்ப இறங்காது. எனக்கு ஜல்லி நிரப்புவதுதான் பிடிக்கும்.

எம்35:
ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நிற்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், தண்ணீர் இல்லாவிட்டால் தளம் எழும்பாது, அப்புறம் விளிம்புக்கு என்ன பயம்?

வேளிமலை:
நீங்கள் ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நான் ரெண்டையும் தம்பியிடம் சொல்லி அவனுடைய டிசைனரிடம் கேட்கச் சொல்கிறேன். இப்போதைக்கு முடிவு: தளம் அடுத்த ஜூனில், அஞ்சு இஞ்சு, லாரியில் காற்றுப் பரிசோதனை, பள்ளத்துக்கு ஜல்லி. ஒரு வருஷம் ஓரத்தில் தற்காலிகமாகக் கல் பதித்துக்கொள்கிறானாம், கடல்காத்து சந்தோஷப்படலாம். துடைப்பக் கீறலை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கடல்காத்து:
அடுத்த ஜூனில் அந்தக் கல்லை எடுக்க மனசு வராது, பாருங்கள்.

எம்35:
ஒன்று விட்டுப்போனது. குளத்துக் கம்பி, ஏணி, பம்ப் எல்லா உலோகத்தையும், ஷாக் அடிக்காமல் இருக்க, ஒரே செம்புக் கம்பியால் இணைப்பது அங்கே கட்டாயம். தளத்துக் கம்பியையும் அதோடு சேர்க்க வேண்டுமா என்று எலக்ட்ரீஷியனிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும், கான்கிரீட் மூடுவதற்கு முன்னால் அவர் வந்து பார்த்து, ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.