மட்டி ஓட்டை ஊக்கியாகப் போட்டும் கிளிசரின் பிரியவில்லை, ஏன்?

உப்புவெளி:
திருகோணமலை ஹோட்டல்களில் பொரித்துக் கழித்த தேங்காய் எண்ணெயை மெதைல் எசுத்தராக்க (அதாவது உயிர் டீசலாக்க; கூடவே வரும் கிளிசரின் அடியில் பிரிய வேணும்), கிண்ணியாப் பக்கத்து மட்டி ஓட்டைச் சுட்டு ஊக்கியாகப் பாவிக்கிறோம். 700 பாகை செல்சியசில் 2 மணிநேரம் சுட்டதில் 100 கிராம் ஓடு 86 கிராமானது. 1 கிலோ எண்ணெய்க்கு மெதனோல் 550 மில்லிலீற்றர், ஊக்கி 50 கிராம், 60 பாகையில் 3 மணிநேரம். அடியில் எதுவும் இறங்கவில்லை, எல்லாம் கூழ். எங்கே பிழை?

சூளைக்காரன்:
விடை உங்கட தராசிலேயே இருக்கு. ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. முழுதாய்ச் சிதைந்தால் 100 கிராம் 56 கிராமளவுக்கு இறங்க வேணும். 14 கிராம்தான் போனதென்றால் மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஓடு, அது ஊக்கியாக வேலை செய்யாது. கழுவிக் காயவைத்துப் பொடித்து, 900 பாகையில் 4 மணிநேரம் சுடுங்கோ. மெல்லிசாய்ப் பரப்புங்கோ, குவித்தால் உள்ளே காபனீரொட்சைட்டு தேங்கி நடுப்பகுதி சிதையாது. சூடு இறங்க முன்னமே உலர்த்திக்குள் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) மூடிவிடுங்கோ. நம்மூர்க் கடற்காற்றில் ஓரிரவு திறந்து கிடந்தால் ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சி மேற்பரப்பு செத்துப்போம்.

மூல்கணக்கு:
கூழுக்குக் காரணம் வேறை, அது எண்ணெயில் இருக்கு. கட்டற்ற கொழுப்பமிலம் கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகும். 1 கிராம் எண்ணெயை 10 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பனோலில் கரைத்து, நிறங்காட்டியாகப் பினோப்தலின் விட்டு, லீற்றருக்கு 1 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் நியமியுங்கோ, அதாவது இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை சொட்டுச் சொட்டாய் விடுங்கோ. செலவான மில்லிலீற்றரே அமிலப் பெறுமானம். 2க்கு மேலென்றால் அமிலம் குறைந்த எண்ணெய் கலந்து இறக்குங்கோ. சல்பூரிக்கமிலத்தால் முன்பரிகரிப்புச் செய்யிறதென்றால் மிச்ச அமிலத்தை முழுக்கக் கழுவ வேணும், இல்லாட்டி அது சுட்ட ஓட்டுச் சுண்ணாம்பைச் சல்பேற்றாக்கிவிடும். எப்படியும் 110 பாகைக்குச் சூடாக்கி நீரைப் போக்குங்கோ.

550 மில்லிலீற்றர் சோயா எண்ணெய்க் கணக்கு. தேங்காய் எண்ணெயின் சராசரி மூலக்கூற்றுத் திணிவு 660 அளவு, சோயாவினது 880. மெதனோலும் எண்ணெயும் 12:1 மூல் விகிதத்தில் (மூலக்கூற்று எண்ணிக்கைக் கணக்கில்) இருக்க 735 மில்லிலீற்றர் வேணும்.

உப்புவெளி:
பேசாமல் ஓட்டை விட்டு, ஊக்கியாகப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்கே போவமா?

சூளைக்காரன்:
அமிலப் பெறுமானம் குறைவென்றால் 1 சதவீதம் போட்டு, மெதனோல் 6:1 விகிதத்தில், ஒரு மணிநேரத்தில் முடியும். ஆனால் ஊக்கியை மீட்கேலாது, கழுவு நீரும் அதிகம்.

மூல்கணக்கு:
ஓட்டோடு நிற்கிறதென்றால், முதலில் ஊக்கியை வடித்து எடுங்கோ, பிறகுதான் மெதனோலைக் காய்ச்சி எடுக்கலாம். ஊக்கி கிடக்கையில் மெதனோல் குறைந்தால் தாக்கம் பின்னோக்கித் திரும்பும். மெதனோல் போனபின்தான் கிளிசரின் ஒழுங்காய் அடியில் இறங்கும். ஒடுக்கி (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குழாய்) பூட்டாமல் மெதனோலைக் காய்ச்சாதேங்கோ, ஆவி நஞ்சு, தீயும் பிடிக்கும். எரிபொருளாக விற்பதென்றால் ஐரோப்பிய நியமம் ஈஎன் 14214 கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் விடாது. கரைந்து வந்த கல்சியத்தைக் கற்றயன் பரிமாற்றுப் பிசின் (உலோக அயன்களைப் பிடித்து வைக்கும் பிசின்) வழியே விட்டு எடுங்கோ.