பல நாட்டு மாணவர்கள் உள்ள ஆங்கில வகுப்புக்கு ஏற்ற இசையை எங்கே, எப்படித் தேடுவது?

ஸ்காபரோ_ஆசிரியை:
வணக்கம். ரொறன்ரோவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பொன்றை நடத்துகிறேன். சிரியா, எரித்திரியா, உக்ரைன், வியட்நாம், கொலம்பியா, ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதில் படிக்கிறார்கள். எளிய வாக்கியங்களில் பேசும் அளவுக்கு அனைவரும் வளர்ந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பாடலை ஒலிக்கச் செய்து, அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வைக்க விரும்புகிறேன். ஆனால் இசைச் செயலிகளில் 'வேர்ல்ட் மியூசிக்' என்று தேடினால், மின்னணுத் தாளத்தின் மேல் எங்கிருந்தோ எடுத்த புல்லாங்குழலை ஒட்டவைத்த ஓய்வு நேர இசையே வருகிறது. பாடுபவர் யார், எந்த ஊர், என்ன மொழி என்ற விபரம் எதுவும் இருப்பதில்லை. நம்பகமான ஒலிப்பதிவுகளை எங்கே தேடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இசைப்பேழை:
நீங்கள் தேடும் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. 1987 இல் லண்டனில் சில சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடைகளில் எந்த அடுக்கிலும் அடங்காத தட்டுகளை ஒன்றாக வைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த விற்பனைப் பெயர் அது. அதைக் கொண்டு தேடினால் குறிப்பான எதுவும் கிடைக்காது. இசை வடிவத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்: சிரியாவுக்கு அலெப்போ நகரத்தின் குதூத் என்னும் மரபுப் பாடல்கள், கொலம்பியாவுக்கு அக்கோர்டியன் முன்னிற்கும் வல்யெனாத்தோ, வியட்நாமுக்கு பாக் நிங் பகுதியின் குவான் ஹோ நாட்டுப்பாடல், உக்ரைனுக்கு பந்துரா என்னும் நரம்பு வாத்தியத்தின் இசை. அந்தந்த மொழியின் எழுத்திலேயே தட்டச்சு செய்தால் முடிவுகள் இன்னும் செம்மையாக இருக்கும்.

நம்பகமான இடம் என்றால் முதலில் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்னும் அமெரிக்க இசை வெளியீட்டகத்தைத்தான் சொல்வேன். மோசஸ் ஆஷ் 1948 இல் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனத்தை 1987 இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அங்குள்ள இசைத்தொகுப்புகளின் விளக்கக் குறிப்பேடுகளை இலவசமாகத் தரவிறக்கலாம். பாடியவர், பதிவு செய்த இடம், வாத்தியம் ஆகியவற்றோடு பல தொகுப்புகளில் பாடலின் பொருளும் இருக்கும். பிரெஞ்சு இசை ஆய்வாளர் அலன் டானியலூவின் முயற்சியால் 1961 முதல் வெளிவந்த யுனெஸ்கோ மரபிசைத் தொகுப்பும் இப்போது அங்கேயே கிடைக்கிறது. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஒவ்வொரு கலைக்கும் ஒரு குறும்படம் உண்டு. குவான் ஹோ 2009 இலும் அலெப்போவின் குதூத் 2021 இலும் அப்பட்டியலில் சேர்ந்தன. ஆடை, இடம், பாடுவோரின் முகம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால், வெறும் ஒலிப்பதிவைவிடப் படமே பேசுவதற்கு அதிகம் கொடுக்கும்.

வன்னி_வாசகன்:
மேலே உள்ள பட்டியல் நல்லதுதான்; ஆனால் நாட்டுக்கு ஒரு பாடல் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழரை உட்கார வைத்து, இதுதான் உங்கள் நாட்டு இசை என்று சிங்கள பைலாவை ஒலிக்கவிட்டால் அவர் மரியாதைக்காகச் சிரிப்பாரே தவிர, பேசுவதற்கு அவருக்கு என்ன இருக்கும்? உங்கள் சிரிய மாணவர் குர்தியராகவோ ஆர்மீனியராகவோ இருக்கலாம். எரித்திரியாவில் அரசு ஏற்ற இனங்களே ஒன்பது. எனவே பாடலைத் தேடுவதற்கு முன், வீட்டில் எந்த மொழியில் பாடுவார்கள் என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்கானியர் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. தாலிபான் ஆட்சியில் இசை தடுக்கப்பட்டு வாத்தியங்கள் எரிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவருக்கு ருபாப் என்னும் ஆப்கானிய நரம்பு வாத்தியத்தின் ஒலி மகிழ்ச்சியையும் தரலாம், அழவும் வைக்கலாம். சமய நம்பிக்கையால் வாத்திய இசையையே கேட்காதவர்கள் எந்த நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். அவர்களுக்கு வாத்தியமில்லாத பாடலையோ அந்த நேரத்தில் வேறொரு வேலையையோ ஒழுங்கு செய்து வையுங்கள்.

ஸ்காபரோ_ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. கேட்டுவிட்டுத் தேடும் முறையையே பின்பற்றுகிறேன். இன்னொரு சந்தேகம்: பாடலின் பொருள் எனக்குத் தெரியாதபோது வகுப்பை எப்படி நடத்துவது? என் எரித்திரிய மாணவி திக்ரிஞா மொழி பேசுபவர். அவர் சொன்ன பாடல்களுக்கு எங்குமே ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை.

இசைப்பேழை:
வகுப்பு நேரத்தில் உங்களுக்குப் பொருள் தெரியாமல் இருப்பதே பயிற்சிக்கு நல்லது. தெரியாத ஒருவருக்கு விளக்கும்போதுதான் மாணவி உண்மையாகவே ஆங்கிலத்தைப் பயன்படுத்துவார். இதைத் திருமணத்தில் பாடுவார்களா, வேலை செய்யும்போது பாடுவார்களா, யார் யாருக்குப் பாடுகிறார்கள் என்று மற்றவர்கள் கேட்கட்டும். ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் இணைகளாக மாறி மாறிப் பாடும் குவான் ஹோ, கேள்வி பதில் பயிற்சிக்கு மிகவும் பொருந்தும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒலிக்க வேண்டாம். எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் மேடைப் பாடல்களில் சில ஒரு மணி நேரத்தை நெருங்கும்.

ஆனால் திக்ரிஞா பாடலை வகுப்புக்கு முன் ஒருமுறை அவரிடமே விசாரித்துவிடுங்கள். எத்தியோப்பியாவிடமிருந்து எரித்திரியா விடுபட 1961 முதல் 1991 வரை நடந்த விடுதலைப் போரின் பாடல்கள் அம்மொழியில் ஏராளம். வகுப்பில் பின்னர் எத்தியோப்பியர் ஒருவர் சேர்ந்தால் அவை வேறுவிதமாக ஒலிக்கும். கிரார் என்னும் நரம்பு வாத்தியத்தோடு வட்டமாகச் சுற்றித் தோள்களைக் குலுக்கி ஆடும் குவய்லா பாடல்கள் பாதுகாப்பான தொடக்கம்.

வன்னி_வாசகன்:
ரேடியோ கார்டன் தளத்தையும் பயன்படுத்தலாம். உலக உருண்டையைச் சுழற்றி எந்த ஊரிலும் நிறுத்தி, அங்கு நேரலையில் ஒலிக்கும் வானொலியைக் கேட்கலாம். நேர வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ரொறன்ரோவில் வெள்ளி பிற்பகல் இரண்டரை மணி என்றால் குளிர்காலத்தில் ஹனோயில் சனி அதிகாலை இரண்டரை; அப்போது அங்கே நிகழ்ச்சி ஏதும் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பருவத்தில் பொகோத்தாவுக்கும் உங்களுக்கும் ஒரே நேரம் என்பதால், கொலம்பிய மாணவரை வைத்து இதைத் தொடங்குவது எளிது.